இரண்டு சீலா மீனும் ஒரு கொலையும்

இங்கிலீஷ் சொல்லுக்குப் பாதி அர்த்தம் மட்டும் தெரிந்தவனைக் கல்யாண வீட்டுப் பக்கமே விடக்கூடாது. மாப்பிள்ளையே அவன்தான் என்றால் என்ன செய்வது?

ஐம்பதுகளின் நடுவில், அக்காள்மடத்துக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கிய குட்டி அகராதி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். பெரிய சொல்லாகப் பார்த்து மனப்பாடம் செய்வேன். சின்னச் சொற்கள் படிக்காதவர்களுக்கு என்பது என் எண்ணம். (அந்த வயதில் எனக்கு இப்படிப் பல எண்ணங்கள்.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கினால்தான் மறுநாள் தாலி. சாமியார் வெள்ளைக்காரர், ஊருக்குப் புதியவர். எல்லோரும் அவரிடம் தமிழில்தான் பாவம் சொல்வார்கள். பின்னால் மாமனாரும் பெண் புஷ்பமும் முழங்காலில் இருந்தார்கள். வார்த்தை கேட்காவிட்டாலும் இங்கிலீஷ் சத்தமாவது அவர்கள் காதில் விழட்டும் என்று தீர்மானித்தேன்.

என் பாவங்கள் இரண்டு. பெரியப்பா வள்ளத்திலிருந்து கேட்காமல் இரண்டு சீலா மீன் எடுத்தது. அதைக் காட்டிக்கொடுத்த தம்பி சவரிமுத்துவை அறைந்தது.

திருட்டு என்று சாதாரணமாகச் சொல்ல மனம் வரவில்லை. கடலில் நடக்கும் திருட்டுக்கென்றே அகராதியில் தனிச்சொல் இருந்தது. ‘பைரசி’ என்றேன். கடற்கொள்ளை. மரத்தடுப்புக்கு அப்பால் சாமியாரின் நாற்காலி கிரீச்சிட்டது. அடுத்து ‘ஃப்ராட்ரிசைட்’ என்றேன். சகோதரனுக்குச் செய்யும் பாவம் என்ற அளவில் அது நினைவில் இருந்தது. என்ன பாவம் என்று பிறகுதான் பார்த்தேன். கொலை.

தடுப்புக்கு அப்பால் நாற்காலி என் பக்கம் நகர்ந்தது. பிறகு சாமியார் புத்தகத் தமிழில் கேட்டார்.

“மகனே, உன் தம்பி இப்போது எங்கே இருக்கிறான்?”

“கடலில், ஃபாதர்” என்றேன், விடாமல் இங்கிலீஷில். கல்யாண மீனுக்காக அவன் விடிகாலையில் போயிருந்தான்.

“உன் தாய்க்குத் தெரியுமா?”

“தெரியும், ஃபாதர். திட்டினாள். அப்புறம் சோறு போட்டாள்.”

சாமியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். முதலில் போலீஸுக்குப் போ, அதுவரை மன்னிப்பு இல்லை என்றார். மன்னிப்பு இல்லையென்றால் காலையில் கல்யாணமும் இல்லை.

இரண்டு மீனுக்கா? எழுந்து மாமனார் பக்கம் வந்தேன்.

“என்ன மாப்ள, சாமி என்ன சொல்றாக?” என்றார் மாமனார்.

“போலீஸ்ல போயிச் சரண்டர் ஆகச் சொல்றாக, மாமா.”

அவர் மகளின் கையைப் பிடித்தார். “எந்திரி தாயி, ஊருக்குப் போவம்.”

புஷ்பம் எழுந்திருக்கவில்லை. “என்ன செஞ்சாகன்னு கேளுங்கய்யா” என்றாள்.

இரண்டு சீலா எடுத்ததைச் சொன்னேன். மாமனார் நம்பவில்லை. மீனுக்கு எந்தச் சாமியார் போலீஸைக் கூப்பிடுவார்? அவர் மறுபடி மகளின் கையை இழுத்தபோது, வாசலில் ஈரக் கைலியோடு சவரிமுத்து வந்து நின்றான்.

“ஏண்ணே, மீனை எங்கன எறக்க?”

சாமியார் எட்டிப் பார்த்தார். இவன் யார் என்று கேட்டார். என் தம்பி என்றேன். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி என்னை மறுபடி மண்டியிடச் சொன்னார்.

“தமிழில் சொல்.”

சொன்னேன். மரத்தடுப்பு குலுங்கியது. அவர் சிரிப்பு அடங்கியதும் மன்னிப்பும் கிடைத்தது, பரிகாரமும் கிடைத்தது: எல்லோர் முன்னாலும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டேன்.

“எதுக்குண்ணே?” என்றான் சவரிமுத்து.

“ஒன்னையக் கொன்னதுக்குடா.”

காலையில் தாலி கட்டினேன். இன்றைக்கும் நான் மீன் வாங்கி வந்தால், கூடையை வாங்குமுன் புஷ்பம் கேட்பாள், “காசு குடுத்தீகளா?” அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேரன் பேத்தி எடுத்துவிட்ட சவரிமுத்து, புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் என்னைக் காட்டிப் பணிவோடு சொல்கிறான்:

“எங்க அண்ணன். என்னையக் கொன்னவுக.”