பட்டிப்பொங்கலன்று மரை வேட்டை

மெல்பேர்ண்,
20.01.1976

அன்பும் பண்பும் இரட்டைக்குழல் துவக்கும் உடைய ஈஸ்வரமூர்த்தி அம்மான் அவர்களுக்கு,

மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் மெல்பேர்ணை வசிப்பிடமாகவும் கொண்ட எங்கள் அலுமினியச் சருவச்சட்டி கடந்த வியாழக்கிழமை மாலை மாடு மிதித்து அகால மரணமடைந்தது. அன்னார் அகப்பையின் அன்புத் துணைவியும் மூடியின் பாசமிகு தாயாரும் ஆவார். உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்று, முடிந்தால் கப்பலில் ஒரு புதுச் சட்டி அனுப்பிவைக்கவும்.

நிற்க. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் மாமியும் மாமியின் மூட்டுவலியும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மருமக்களில் எவன் முதலில் ஒரு மானையோ மரையையோ விழுத்துகிறானோ அவனுக்கே உங்கள் துவக்கு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். முல்லைத்தீவில் சின்னம்மாவின் மகன் விக்னராஜா இப்போதே அந்தத் துவக்குக்கு எண்ணெய் பூசத் தொடங்கிவிட்டானாம். எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். துவக்கு எனக்கு. அம்மானுக்குள்ளேயே ஒரு மான் இருக்கும்போது மருமகனுக்கு அகப்படாமல் போகுமா?

நடந்தது இதுதான். அப்பாவோடு வேலை செய்யும் கிளைவ் அங்கிளுக்குக் கிப்ஸ்லாந்து மலையில் ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. அதற்கு மேலே முழுக்கக் காடு. காட்டில் மரை. அந்த மரைகளின் பூட்டன்மார் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவையாம், ஆகவே விசா இல்லாமல் வந்த எங்கள் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைவ் அங்கிளின் சாத்திரப்படி, மேல் புல்வெளியில் மாடு மேய்ந்தால் மரை அந்தப் பக்கமே தலை காட்டாது, செங்குத்தான பள்ளத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்; மாட்டைக் கீழ் வெளிக்கு இறக்கிச் சில நாள் விட்டால், துளிர்த்த புல்லுக்கு ஆசைப்பட்டுப் பொழுதுபடும் நேரம் மெதுவாக வெளியே வரும். அதற்காகவே மனுசன் மாடு முழுவதையும் கீழே இறக்கி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கூப்பிட்ட நாள் பட்டிப்பொங்கல் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா பிடித்துக்கொண்டா.

"என்னப்பா, பட்டிப்பொங்கல் அண்டைக்கு உயிர் எடுக்கப் போறியளே?"

"பொங்கல் மாட்டுக்கு, சிவனேசு. மரைக்கு ஆர் பொங்கினது?"

"அப்ப மாட்டுக்குப் பொங்கிப் படைச்சுப்போட்டுப் போங்கோ. வெறுங்கையோட மாட்டு முகத்தில முழிக்க நான் விடமாட்டன்."

அப்படியாகச் சருவச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல், எங்கள் வளவில் பூத்த செவ்வந்தியில் மாலை, குங்குமச் சிமிழ், நடுவில் அம்மா என்று எங்கள் வேட்டைக் கார் புறப்பட்டது. கீழ் வெளியில் அம்மா ஒவ்வொரு மாட்டுக்கும் பொட்டு வைத்தா. முன்னணி மாட்டுக்கு மாலை போட்டா. கிளைவ் அங்கிள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார், செத்தவீடு என்று நினைத்தாராக்கும். பொங்கலை ருசித்த மாடுகள் சட்டியைச் சூழ்ந்து நெரிபட, மேற்படி மரணமும் அப்போதுதான் சம்பவித்தது. பிறகு நாங்கள் மலை ஏறினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், பெரிய இரும்புப் படலையை அன்பின் வேகத்தில் தள்ளித் திறந்துகொண்டு, பொட்டும் மாலையுமாகக் கலியாண ஊர்வலம்போல முழுப் பட்டியும் பின்னால் வருகிறது! அப்பா "ஹை, ஹை" என்று கலைக்கிறார். ஆஸ்திரேலிய மாட்டுக்குத் தமிழ் விளங்கவில்லை. அம்மா கையைக் காட்டினால் மட்டும் இன்னும் கிட்ட வருகிறது. மேல் வெளி நிறைய மாடு. கிளைவ் அங்கிள் புல்லிலே குந்திவிட்டார். "கணேஸ், இண்டைக்கு மரை வராது, இனி இந்த மாதமும் வராது" என்று அவர் அப்பாவைப் பார்த்து இங்கிலிசில் சொன்னதை அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்கவே இல்லை. மானைத் தேடிப் போய் மானத்தை விட்டு நின்றோம்.

அப்போதுதான் உங்கள் இரத்தம் எனக்குள் கொதித்தது, அம்மான். பொங்கல் தின்ற மயக்கத்தில் மாடுகள் படுத்து அசைபோட, காட்டோரத்தில் ஒரு கொம்பன் மரை வெளிப்பட்டது. நான் மாலை போட்ட மாட்டின் பின்னால் பதுங்கினேன். மூச்சைப் பிடித்தேன். ஒரே வெடி! மலை அதிர, மரை விழுந்தது. கிளைவ் அங்கிள் ஓடிவந்து கை குலுக்கினார். ஆகவே துவக்கைச் சாக்கில் சுற்றி, அடுத்து யார் இங்கே வந்தாலும் கொடுத்துவிடவும்.

மாமிக்கு என் வணக்கம். விக்னராஜாவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
வேட்டைக்கார மருமகன்
சிறிதரன்

பி.கு.: அடியில் இரண்டு வரி சுகம் விசாரிக்கிறேன் என்று வாங்கிய அம்மா முழுக் கடிதத்தையும் வாசித்துவிட்டா. இப்போது என் கதிரைக்குப் பின்னால் நிற்கிறா. "உள்ளதை எழுதடா" என்கிறா. உள்ளது என்னவென்றால், மரை வந்தது உண்மை. கிளைவ் அங்கிளின் துவக்கு அப்பாவின் கையில் இருந்தது. என் கையில் இருந்தது தேத்தண்ணிப் பிளாஸ்க். அப்பா குறிபார்த்த அந்தக் கணம் பிளாஸ்க் நழுவிக் கல்லில் விழுந்து வெடித்தது. ஒரே வெடி என்று மேலே எழுதியது அதைத்தான். மரை இப்போது எந்த மலையில் நிற்கிறதோ தெரியாது. படலையையும் மாடு தள்ளவில்லை, கடைசியாக வந்த நான் கொக்கியைக் கொளுவ மறந்துவிட்டேன். துவக்கை விக்னராஜாவுக்கே கொடுத்துவிடுங்கள். ஆனால், நானாகப் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்ததாக மட்டும் அவனிடம் சொல்லுங்கள், அம்மான். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டா, அதுதான் இந்த வரி.