எடிட்டருக்கு இன்டர்வியூ வைத்தவர்

மலேசியாவில் எத்தனையோ பேர் எத்தனையோ வேலைக்கு ஆள் எடுத்திருப்பார்கள். டை கட்டி, ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேரை இன்டர்வியூ செய்த ஒரே ஆத்மா எங்கள் ஆபீசில்தான் இருந்தார். நாங்கள் வைத்த பெயர் 'இன்டர்வியூ'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். முதலாளி, அவர், நான், மொத்தமே மூன்று பேர். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனிக்கு புரோகிராம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தோம். லினக்ஸ் என்று ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்திருக்கிறது, இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று முதலாளி எங்கோ கேள்விப்பட்டு வந்து, அதிலேயே செய்துவிடலாம் என்றார். இருந்த ஹார்ட் டிஸ்க்கோ சின்னது. புரோகிராமை டைப் செய்ய ஒரே ஓர் எடிட்டரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எதை வைப்பது என்ற முடிவை இவரிடம் விட்டார்.

இவர் அதற்கு முன் ஓர் அரசாங்க இலாகாவில், இன்டர்வியூ நடக்கும் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் குறிப்பெடுத்தவர். கேள்வி கேட்கும் ஆசை உள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறது. ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒரு ஃபைல் போட்டுவிட்டார்.

முதலில் ஈமாக்ஸ் என்ற எடிட்டர். அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கெட்டிக்காரர்தான் மிஸ். ஆனா தனியா வரல. லெட்டர் எழுத ஒருத்தர், காலண்டர் பாக்க ஒருத்தர், கேம் விளையாட ஒருத்தர். குடும்பத்தோட குவார்ட்டர்ஸ் கேக்குறாரு. நம்ம டிஸ்க்ல ஏதுலா இடம்?"

அடுத்து விஐ. "வணக்கம்கூடச் சொல்ல மாட்டேங்கிறாரு. எதைத் தொட்டாலும் பீப்-ங்கிறாரு. ஆனா சாப்பாடு கம்மி" என்று முகம் மலர்ந்தார்.

நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்றும் பார்க்க வேண்டுமாம். பாதி வரி டைப் செய்துவிட்டு, எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கரண்ட் வந்ததும் விஐ அந்தப் பாதி வரியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. உள்ளறையில் முதலாளி காலையிலிருந்து அடித்த கொட்டேஷன் மட்டும் போயே போய்விட்டது. அவர் வெளியே வந்தபோது முகம் மிளகாய்ப்பழம்.

"ஒரு எடிட்டர் எடுக்க மூணு மாசமா? கிள்ளான்காரன் டெய்லி போன் அடிக்கிறான்லா."

"பர்மனென்ட் போஸ்ட் பாஸ். அவசரப்படக் கூடாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவசரம் எனக்கும் இருந்தது. காஜாங்கிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. தைப்பூசத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அதற்குள் இவர் வாயைத் திறந்து என்னைக் கேட்டுவிட மாட்டாரா என்று நான் தினமும் காத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், இந்தக் கிறுக்கு மனிதரைத்தான். இத்தனை வருஷம் கழித்து எனக்கென்ன வெட்கம்? என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நானே ஆரம்பித்தேன். "காஜாங்ல இருந்து ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நீங்க அவர என்ன கேக்கப் போறீங்க?"

"என்ன கேக்கிறது? ஒண்ணும் தோணல."

"கேக்காம எப்படி மிஸ் எடுக்கிறது?"

மறுநாள் ஒரு முழுத்தாளை நீட்டினார். மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விகள், நம்பர் போட்டு. வேலை, உடம்பு, கோபம் என்று வழக்கமானவை மேலே. கீழே வரவரக் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. டைப் செய்யும்போது மிஸ் மெல்லப் பாடுவார், நிறுத்தச் சொல்வீர்களா? இடி இடித்தால் பயப்படுவார், பஸ் வரும்வரை கூட நிற்பீர்களா? தே தாரிக் டீயில் சீனி அதிகம் என்று கடையில் சொல்லக் கூச்சப்படுவார், நீங்கள் சொல்வீர்களா?

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லுங்களேன்" என்றேன். ஒரு பெண் இதைவிட எப்படிக் கேட்பாள்?

அவர் தாளை மடித்து என் மேசையில் வைத்தார்.

"பத்து வருஷம் அந்த ரூம்ல இருந்தேன் மிஸ். வேணாம்னு சொன்னப்புறம் வெளிய போறவங்க முகத்தையெல்லாம் பாத்திருக்கேன். எதிர் நாற்காலில உக்கார எனக்குப் பயம்."

எழுந்து போய் விஐயின் ஃபைலில் ஏதோ எழுதத் தொடங்கினார். அன்றைக்குத்தான் அதை வேலைக்கு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காஜாங்காரரிடம் ஒன்று விடாமல் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சொன்னபடியே இன்றுவரை நடக்கிறார், குறை சொன்னால் நாக்கு அழுகும். நான் வேலையை விட்டேன். பிறகு ஆபீசும் மூடிவிட்டதாகக் கேள்வி. இன்டர்வியூ எங்கே போனார் என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் மட்டும் அன்று தைரியமாக என் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால், நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டேன்.