மேஸ்திரிக்காக ஒரு ஸ்கூட்டர் சத்தம்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே உன் உடம்பும், மாற்றலாகிப் போன இடத்தில் உன் வேலையும், கூடவே நீ கொண்டுபோன ஸ்கூட்டரும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எழுதக் காரணம் நம் நாய் மேஸ்திரி. தெருவில் போகிறவர்களையெல்லாம் வேலை வாங்குவது மாதிரி குரைக்கிறது என்று நீ வைத்த பெயர்தான். நீ போன பிறகு அது சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால்தானே தட்டுக்கே வரும்? வாசல் கேட்டடியில் படுத்துக்கொண்டு தெருவையே பார்த்தது. இப்படியே போனால் அந்த உடம்பு தாங்குமா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

வேலைக்காலம் முழுக்கத் தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? போன வருஷம் உன் வண்டி இருமுகிறது என்று புலம்பினாயே, அப்போது கேட்டில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, கம்ப்யூட்டரில் மாட்டிய ஆசிலாஸ்கோப்பில் நீ வருகிற சத்தத்தைப் பதிவு செய்தேன். மைக்கிலிருந்து வரும் மின் அலையைப் புள்ளி புள்ளியாக எடுத்து வைத்துக்கொள்கிற பெட்டி அது. அதே புள்ளிகளைத் திரும்ப அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பினால் ஸ்கூட்டர் வந்துவிடும் அல்லவா? பதிவைத் திறந்தேன். நீ தெருமுனை திரும்புவது, சாக்கடை மூடியில் ஏறி இறங்குவது எல்லாம் திரையில் கோடாக ஓடியது. கடைசியில் ஒரு பெரிய மேடு. வண்டியை அணைப்பதற்கு முன் ஆக்சிலேட்டரை வீணாக ஒரு முறுக்கு முறுக்குவாயே, அதுதான். "பெட்ரோல் என்ன தண்ணியாடா?" என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். இப்போது அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்கள் நல்ல நாட்கள்டா.

பிறகுதான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. பதிவு செய்த வேகம் ஒன்று, ஒலிக்கவிட்ட வேகம் இன்னொன்று. ஸ்கூட்டர் கொசுவாக வந்தது, மேஸ்திரி கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. வேகத்தைச் சரிசெய்தேன், ஆனால் ஒரு தடவை ஒலித்ததும் நிறுத்து என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்துவிட்டேன், ஆகவே நீ வந்தாய், மறுபடி வந்தாய், வந்துகொண்டே இருந்தாய். எதிர்வீட்டுத் தையல்காரர் உன் சட்டையோடு ஓடிவந்தார்.

"தம்பி வந்துட்டாரா? ஒரு தடவை போட்டுப் பாத்துட்டா பட்டனுக்குக் காஜா எடுத்துடலாம்."

"அவன் வரலைங்க, சத்தம் மட்டும்தான் வந்திருக்கு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று உன் அண்ணியைக் கேட்டார். அவள் பழக்கதோஷத்தில் உனக்கும் சேர்த்து டீ போட்டிருந்தாள், அதை அவரிடம் நீட்டினாள்.

இப்போது எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. தினம் சாயங்காலம் ஒரே ஒரு தடவை நீ வருகிறாய், முறுக்குகிறாய், அணைக்கிறாய். மேஸ்திரி வாலாட்டிக்கொண்டு இரண்டு வாய் சாப்பிடுகிறது. ஆகவே லீவுக்காக யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டாதே. நாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஆயுளும் வண்டியின் ஆயுளும் ஒன்றாகக் கூடட்டும்.

இப்படிக்கு
உன் அண்ணன்

பின்குறிப்பு: தம்பி, தபால்ல போடச் சொன்ன கவரைப் பிரிச்சு அண்ணி எழுதறேன். நீ போன மறுநாள்லேர்ந்து மேஸ்திரி தையல்காரர் வீட்டுல மூக்கு முட்டத் தின்னுட்டுத்தான் வருது. இங்க வாலாட்டுறதெல்லாம் உங்க அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னுதான். அந்தச் சத்தம் கேட்டாதான் தட்டு முன்னாடி உக்கார்றது அவர். நேத்து கரண்ட் இல்லை. கேட்டடியில நின்னு பாத்துட்டு, பசிக்கலைன்னு போய்ப் படுத்துட்டார். நீ லீவு கேளு.