பத்ததி அண்ணனும் எல்லைக் கல்லும்

கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து அமரவிளை வரை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வாழ்கிற மனிதர்களில், அரசாங்கத்தின் தொழில் மானியத் திட்டங்கள் அத்தனையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அதில் ஒன்றுக்குக்கூடத் தன் பெயரில் விண்ணப்பம் போடாதவரும் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருடைய பெயரிலும் அவரே போட்டுவிட்டார்.

திட்டத்துக்கு மலையாளத்தில் பத்ததி என்று பெயர். எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழும் ஆபீசுக்குள் மலையாளமுமாக வாழ்கிறவர்கள்தான் எல்லாரும் என்பதால், அவருக்குப் பத்ததி அண்ணன் என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருந்திருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

அவர்தான் மற்றவர்களைக் கேட்பார். எல்லாத் திட்டத்துக்கும் வயது வரம்பு உண்டு என்பதால், யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி வயதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கக்கத்தில் கிழிந்த ரெக்சின் பையுடன் அவர் தெருமுனையில் தெரிந்தாலே ஆட்கள் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்குவார்கள்.

ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார். “மாப்பிளைக்கு முப்பத்தஞ்சு ஆகேலயே? பெண்ணுக்க பேருல போட்டா மானியம் கூடுதலாக்கும், கேட்டியா” என்று சொல்லிவிட்டுத்தான் கையை விட்டார். ஒரு சாவு வீட்டில் பெட்டியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், இறந்தவரின் மகனிடம் குனிந்து, “அப்பனுக்கு எத்தன வயசு?” என்றார். சுற்றி நின்ற எங்களுக்கெல்லாம் உயிர் போய்விட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணும் இல்ல மக்கா, சும்மா கேட்டேன்” என்று நகர்ந்தார். அவர் வாழ்க்கையில் காட்டிய மிகப் பெரிய நாகரிகம் அதுதான் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள்.

முடிவெட்டுகிற தங்கப்பன் ஒருமுறை இருப்பிடச் சான்றிதழுக்கு வழி கேட்கப் போய், வாத்துப் பண்ணைக்கான திட்ட அறிக்கையுடன் திரும்பி வந்தார். அவருக்கு நிலமும் கிடையாது, குளமும் கிடையாது. எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமல், காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வாத்துகள் நிற்குமோ என்று மூன்று மாதம் பயந்துகொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்போது நான் பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பங்களை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் முதல் ஆளாக அண்ணன் வந்துவிடுவார்.

அவருக்கும் ஒரு பத்ததி உண்டு. வீட்டுக்கு முன்னால் சாலையைப் பார்த்து ஒரு ஷட்டர் அறை கட்டி, நீலப் பெயிண்ட் அடித்து, மேலே ஒரு பெயர்ப்பலகையும் மாட்டியிருந்தார். பலகையில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

“என்ன தொழிலு அண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது முடிவாகேல. மானியம் முடிவானா தொழிலு தானா முடிவாகும்.”

“மானியம் எப்பம் முடிவாகும்?”

“இந்த வருசம் உள்ளது கொள்ளாம். ஆனா அடுத்த வருசம் இதவிட நல்லது வரும். எதுக்கு அவசரப்படணும்?”

இப்படியே பல வருடம் அவசரப்படாமல் இருந்தார். ஷட்டரும் திறக்கவில்லை.

இனி என் அக்கா கதைக்கு வருகிறேன். செலின் அக்கா ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறவள். நேந்திரங்காயைத்தான் நாங்கள் ஏத்தங்காய் என்போம். அத்தான் கொல்லத்தில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர், மாதம் ஒருமுறைதான் வருவார். வீடு ஓடுவது சிப்ஸில். கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே பலகையைப் பிடித்துக்கொண்டு காயைச் சரசரவென்று சீவ வேண்டும். பதினோரு வருடம் சீவியதில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிமேல் கையால் சீவினால் விரல் மடங்காமல் போய்விடும் என்று நெய்யாற்றங்கரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சீவுகிற மிஷின் வாங்க வேண்டும், இல்லையென்றால் தொழிலை விட வேண்டும்.  பஸ்ஸில் வரும்போது அக்கா வீங்கிய கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த பிறகுதான், நானாகவே பத்ததி அண்ணனைத் தேடிப் போனேன்.

அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திட்டம் கேட்டே தேடி வந்த முதல் ஆள் நானாக இருக்கும்.

“நல்லா கேட்டுக்க மக்கா. இது புதுசா தொழிலு தொடங்குகவங்களுக்கு உள்ள ஸ்கீமாக்கும். அதனால அக்கா இதுவரை தொழிலு தொடங்கியிருக்கப்பிடாது.”

“அவ பதினோரு வருசமா சிப்ஸ் போடுதாளே அண்ணே.”

“அது அடுக்கள வேல. ஆனா முன்அனுபவம்னு ஒரு கட்டம் உண்டு. அதுல பதினோரு வருசம்னு எழுதணும்.”

“அப்பம் அவ தொழிலு செய்திருக்காளா இல்லியா?”

“செய்திருக்கா. தொடங்கேல.”

நான் தலையைச் சொறிந்தேன். அவர் தொடர்ந்தார். “மிஷின் வாங்கின பொறவுதான் மானியம். லோன் கிட்டினா மிஷின் வாங்கலாம். மானியம் உண்டுன்னு பேப்பரு இருந்தா லோன் கிட்டும்.”

“அப்பம் இதுல எது முதல்ல?”

“முதல்ல நீ எனக்கு ஒரு சாயா வாங்கு.”

ஒரு வாரத்தில் திட்ட அறிக்கை தயாரானது. அதில் அக்காவின் அடுக்களை உற்பத்திப் பிரிவாகவும், அடுப்பு வெப்பப் பிரிவாகவும், கிணறு நீர் ஆதாரமாகவும் மாறியிருந்தன. பூனையை மட்டும் விட்டுவைத்திருந்தார். அக்கா முழுவதையும் படித்துவிட்டு, “இது யாருக்க வீடு?” என்று கேட்டாள்.

விண்ணப்பம் நல்லபடியாகவே நகர்ந்தது. தொழில் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் நேரில் பார்க்க வந்தார். நல்ல மனுஷி. சிப்ஸை ருசி பார்த்துத் தலையாட்டினார். பிறகு அடுக்களை வாசலில் நின்று, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“இது கேரளம் தன்னெயல்லே?”

இது கேரளம்தானா என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி. அக்கா வீட்டுக்கு முன்னால் போகிற பாதை கேரளம், அதில் சந்தேகமில்லை. பின்னால் தென்னைகள் நிற்பது தமிழ்நாடு, அதிலும் சந்தேகமில்லை. நடுவில் எல்லை எங்கே ஓடுகிறது என்பதுதான் தெரியாது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் வெளிமாநிலத்துக்குக் கறி பரிமாறுகிறோம் என்று அத்தான் தமாஷ் பண்ணுவார். மேடம் போனில் வரைபடத்தைத் திறந்தார். நீலப் புள்ளி அடுப்பருகில் தமிழ்நாட்டில் நின்றது, அம்மியருகில் கேரளத்துக்கு வந்தது, யாரும் அசையாமலேயே மறுபடி தமிழ்நாட்டுக்குப் போனது.

“எல்லைக் கல்லு உண்டு மேடம்” என்றார் பத்ததி அண்ணன். “கல்லுக்கு இந்தப் பக்கம் அடுக்கள இருந்தா தீர்ந்தது காரியம்.”

எல்லாரும் கல்லைத் தேடினோம். வாழை மூட்டில் தேடினோம், விறகுக்கு அடியில் தேடினோம். களைத்துப்போய் நான் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அண்ணன் குனிந்து என் காலுக்கடியில் பார்த்தார்.

“எலே, எழும்பு.”

கல்லைப் புரட்டினோம். அடிப்பக்கத்தில் சர்க்கார் வெட்டிய எழுத்தும் எண்ணும் பளிச்சென்று இருந்தன. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய கல்லில்தான் அக்கா இத்தனை வருடமாகப் போர்வை துவைத்திருக்கிறாள். மேடம் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

அத்தானுக்குப் போன் போட்டேன்.

“ஆமா, நாந்தான் எடுத்துப் போட்டேன். போகவர கால இடறிச்சுல்லா.”

“எங்க கெடந்தது அத்தான்?”

“பலாமரத்துக்க மூட்டுல.”

“எந்தப் பலா?”

“அத வெட்டியாச்சே. நம்ம வீட்டுக் கட்டிலு எதுல செய்ததுன்னு நெனச்ச?”

பத்ததி அண்ணன் தோளைச் சிலுப்பிக்கொண்டு கல்லைத் தூக்கினார். “ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். ஒரு நாலடி பின்னால வச்சுருவோம்.”

“சேட்டா, அவிடெ வைக்கூ!” என்று மேடம் அலறினார். “ரெண்டு ஸ்டேட்டிண்டெ அதிர்த்தியாணு!”

அண்ணன் இரண்டு மாநிலங்களின் எல்லையையும் மெதுவாகக் கீழே வைத்தார்.

மேடம் போகும்போது அக்காவின் கையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் கேரளத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஓர் அறையும், சொந்தக்காரரின் சம்மதப் பத்திரமும் காட்டினால் போதும், இல்லையென்றால் கோப்பை மூட வேண்டியதுதான், தன் கையில் வேறொன்றும் இல்லை என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

அக்கா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்க கை போனது போட்டும். அடுக்களையும் எனக்கு இல்லன்னு ஆயிப்போச்சே” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். பத்ததி அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல நேரத்தில் வாய் ஓயாத மனிதர், வேண்டிய நேரத்தில் நழுவிவிட்டாரே என்று நினைத்தேன்.

புதன்கிழமை முழுக்க அறை தேடி அலைந்தேன். இருந்த அறைகள் வாடகைக்கு இல்லை. வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர், எண்ணெய்ப் புகை சுவரைக் கெடுத்துவிடும் என்றார். வியாழக்கிழமை காலை மறுபடி கிளம்பியபோது, சாலையோரத்தில் ஒரு காட்சியைப் பார்த்து பைக்கை நிறுத்திவிட்டேன்.

நீல ஷட்டர் திறந்திருந்தது.

உள்ளே தரையிலிருந்து கூரைவரை கோப்புகள். எல்லா வருடத்துத் திட்டங்களும் வருடவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தன. பத்ததி அண்ணன் தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, தும்மித் தும்மி ஒவ்வொரு கட்டாக வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நின்னு பாக்காத எலே, ஒரு கை பிடி. இது நல்ல சுத்தக் கேரளமாக்கும். ரெண்டு நாளா தாலுக்காபீசுல இருந்து நாலு பேப்பரு வாங்கியாச்சு.”

“அண்ணே, அப்பம் ஒங்க பத்ததி?”

“அடுத்த வருசம் நல்லது வரும்லா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கோப்புகளைச் சுமந்தபோது ஒரு கட்டு அவிழ்ந்து, பழுத்துப்போன ஒரு விண்ணப்பம் விழுந்தது. அண்ணனின் எழுத்து. தொழிலின் பெயர் என்ற இடம் காலி. மூலதனம் காலி. இயந்திரம் காலி. தொழில் நடத்தும் இடம் என்ற வரியில் மட்டும் இந்த அறையின் விலாசம், அழகாக, மையில்.  அதை மடித்து, அவர் பார்க்காமல், அவருடைய பைக்குள்ளேயே வைத்தேன்.

சம்மதப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோதுதான் அவர் பெயரை முதன்முதலாகப் படித்தேன். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊரில் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மேடம் வந்து அறையின் நடுவில் நின்று போனைப் பார்த்தார். நீலப் புள்ளி கேரளத்தை விட்டு நகரவே இல்லை. மானியம் கிடைத்தது. கடன் முதலில் வந்ததா, மிஷின் முதலில் வந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது அந்தப் பலகையில் அக்காவின் பெயர் இருக்கிறது. மிஷின் சீவுகிறது, அக்கா இடது கையால் உப்புத் தண்ணீர் தெளிக்கிறாள். வலது கை ஓய்வில் இருக்கிறது. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு அண்ணன் உட்கார்ந்து, சிப்ஸ் வாங்க வருகிறவர்களிடம் வயது கேட்கிறார். இதனால் வியாபாரம் கொஞ்சம் கெடுகிறது என்று நான் சொன்னபோது, “கெட்டா கெட்டுப்போட்டும்” என்றாள் அக்கா.

நான் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால், தெருமுனையில் அந்தக் கிழிந்த ரெக்சின் பை தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தெரிந்தால் தீப்பெட்டி வாங்கப் போவதில்லை. தூரத்திலிருந்தே என் வயதை உரக்கச் சொல்லிக்கொண்டு அவரைப் பார்த்து நடக்கிறேன்.