ஓசூர் சோதனைச் சாவடியில் ஓர் அமெரிக்க வயிறு

படித்த பெண்ணுக்கு வரும் கேடெல்லாம், படித்ததை அப்பாவிடம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் வருகிறது.

ஐம்பதுகளில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாக்களின் பரம்பரைக் குணம் எப்படி மாறுகிறது என்பது என் ஆராய்ச்சி. (சுருக்கமாகச் சொன்னால் கிருமி வளர்ப்பு. எருமை வளர்ப்பு என்றிருந்தால் சொந்தக்காரர்களாவது மதித்திருப்பார்கள்.) கிருஷ்ணகிரியில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு ஒரே சந்தேகம்: "கண்ணுக்கே தெரியாததை எப்படிம்மா படிக்கிற?" தெரியும்படியே காட்டுகிறேன் என்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு புட்டி நிறையக் கிருமியும், கிருமி வளர்ந்த ஒரு கண்ணாடித் தட்டும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் மாகாணத்தில் அப்போது மதுவிலக்கு. பெங்களூர் இருந்த மைசூர் ராஜ்யத்திலிருந்து வரும் பஸ்களை ஓசூரில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஏறிய ஏட்டு நேராக என் பையைத் திறந்தார். புட்டியில் கலங்கிய மஞ்சள் தண்ணீர். மேலே கொஞ்சம் நுரை.

"என்னாம்மா இது? பொம்பளைங்களும் சரக்கு கடத்த ஆரம்பிச்சுட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தக்கையைப் பிடுங்கி, விரலை உள்ளே விட்டெடுத்து, நாக்கை நீட்டினார்.

"ஐயோ, நக்காதீங்க! அது கிருமி! மனுஷன் வயித்துல இருக்கறது!"

விரல் அந்தரத்தில் நின்றது.

"யார் வயித்துல?"

உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். (அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.) "அமெரிக்காவுல ஒரு நோயாளி வயித்துல எடுத்து, எல்லா ஊர் ஆராய்ச்சிக்கும் அனுப்பி வளக்கறது..."

"அமெரிக்காக்காரன் வவுத்துல இருந்ததுக்கு ஓசூர்ல என்னா வேலை? எறங்கும்மா கீழ!"

இறங்கினேன். பின்னாலேயே பஸ் மொத்தமும் இறங்கியது. கண்டக்டர் கன்னடத்தில் என்னைத் திட்டினார். கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, விஷயம் என்னவென்றே தெரியாமல், தெலுங்கில் எனக்காக வாதாடினார். ஏட்டு அந்த ஈர விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். வழக்கு என்றால் என் ஆராய்ச்சி போச்சு. அப்பாவின் மானமும் போச்சு. வேறு வழி தெரியாமல் கண்ணாடித் தட்டை எடுத்து வெயிலில் காட்டினேன்.

"இதுல ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்திருக்குங்க. கோடிக்கணக்குல கிருமியை விட்டேன். எல்லாம் செத்துடுச்சு. நாலே நாலு மட்டும் பொழச்சுப் பெருகி, இப்படிப் புள்ளியா நிக்குது."

"அது மட்டும் எப்படிப் பொழச்சுது?"

"மருந்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே அது வேற மாதிரி ஆகியிருக்கும். தானா நடக்கறது. யாரும் மாத்தல."

ஏட்டு தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எங்க தம்பிக்குக் காசநோய். இதே மருந்துதான் ஊசி போட்டாங்க. மொதல்ல நல்லா கேட்டுச்சு, எந்திரிச்சு நடந்தான். அப்பறம் கேக்கவே இல்ல. போயிட்டான். எங்கம்மா, பத்தியம் சரியா பாக்காம நாந்தான் கொன்னுட்டேன்னு இன்னும் அழுவுது. சோறு எறங்க மாட்டேங்குது." குரல் தணிந்தது. "அப்ப, அவனுக்குள்ளயும் இந்த மாதிரி நாலு இருந்திருக்குமா?"

அந்தப் புள்ளிகளைத் தினமும் எண்ணி எழுதுகிறவள் நான். அதற்குள் ஒருவனுடைய உயிரும், அவனைப் பெற்றவள் தன்மேல் போட்டுக்கொண்ட பழியும் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சுற்றி நின்றவர்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர்கூடத் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"இருந்திருக்கும்ங்க. உங்கம்மா மேல தப்பே இல்ல."

அவர் வழக்குப் பேச்சை விட்டுவிட்டு, தட்டை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார். கையைக் கழுவுங்கள் என்று சொல்ல அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

கிருஷ்ணகிரியில் காத்திருந்த அப்பாவிடம் கண்டக்டர் முந்திக்கொண்டார்: "சார், உங்க பொண்ணைப் போலீஸ் புடிச்சு விட்டுட்டாங்க. ஏதோ வயிறு விஷயம்." அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் எனக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். (எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.)

விடுமுறை முடிந்து திரும்பும்போது அதே ஏட்டு கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி, என் ஜன்னலருகே வந்தார்.

"அம்மாகிட்ட சொன்னேன். மொதல்ல நம்பல. அப்பறம் ரொம்ப அழுதுச்சு. நேத்து அதுவா சோறு கேட்டுச்சும்மா."

அவ்வளவுதான். விசில் ஊதி அனுப்பிவிட்டார்.

மருந்துக்கு மசியாத கிருமிகளோடுதான் அதன்பின் என் காலமெல்லாம் கழிந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகள்களிடம், "அத்தை அந்தக் காலத்துல சரக்குக் கேஸ்ல மாட்டினவங்க" என்றுதான் இன்றும் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். உடனே அந்தப் பெண்கள் பயபக்தியோடு எழுந்து நிற்கிறார்கள். அப்படியொரு மரியாதை என் ஆராய்ச்சிக் கட்டுரை எதற்கும் கிடைத்ததில்லை.