பெட்டிக்கு வைத்த சந்தனம்

நெருப்பெரிச்சல்,
ஆயுத பூஜைக்கு மூன்றாம் நாள்.

அன்புள்ள தம்பி பழனிமுத்துவுக்கு அக்கா நல்லம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தையல் மிஷின்களும் சௌக்கியம். பல்லடத்தில் நீயும் குழந்தைகளும் பண்ணைக் கோழிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பழசைப் பார்த்துப் பார்த்து அழுவாய், எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னபோது உன்னோடு சண்டை பிடித்தேன். இப்போது நானே சொல்கிறேன். உன் மச்சானுடைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடு. வெள்ளிக்கிழமை வேனோடு வா. இனி என்னால் முடியாது சாமி.

ஆடியில் அவர் போன பிறகு நீ புதுசு ஒன்று கொண்டுவந்து வைத்தாய். பழைய பில்லெல்லாம் பழசில் கிடக்கிறது, அதுவும் ஓடட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், திரை ரெண்டு இருந்தாலும் ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் போதும் என்று நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினாய். பட்டனை அமுக்கினால் இந்தப் பக்கம், மறுபடி அமுக்கினால் அந்தப் பக்கம். அதுவரைக்கும் சரி. ஆனால் உன் மச்சான் தொண்டை போய்ப் பேச முடியாமல் இருந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தைக்கிற எனக்குத் தெரியட்டும் என்று, சும்மா விட்டால் திரையில் எழுத்து ஓடுகிற மாதிரி செய்துவைத்தாரே, "நல்லம்மா, டீ எங்கே?" என்று, அது இன்னும் ஓடுகிறது. மவுஸை அசைத்தால் மறையும். மவுஸ்தான் புதுசுக்குப் போய்விட்டதே! நாளெல்லாம் டீ கேட்கிறார். துணி இறக்க வந்த ஆள் அதைப் படித்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு சேத்திப் போடுங்கக்கா" என்றான். கணக்குப் பார்க்கிற சித்ரகலா புதுசில் தட்டிவிட்டுப் பழசைப் பார்த்து, "ஏனுங்கக்கா, எழுத்தே உழுக மாட்டேங்குது" என்று கீபோர்டைக் கவிழ்த்து உதறுகிறாள்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தப் பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது? பட்டன் நெற்றி மாதிரி இருந்தது, தாராளமாகவே வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் சந்தனம் காய்ந்து பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கீபோர்டும் மவுஸும் பழசிலேயே நின்றுவிட்டன. பில்லோ புதுசில். வாசலில் டெம்போக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒயரைப் பிடுங்க எனக்கும் பயம், சித்ரகலாவுக்கும் பயம். "பொட்டு வெச்சது போதுங்க, பெட்டிக்குத் தலைக்கு ஊத்தி உடுங்க" என்று அவள் என்னைக் குத்திக் காட்டினாள். கடைசியில் பில்லைக் கையாலே எழுதி அனுப்பினோம். கம்பெனிக்காரர் போனில் கத்தினார்.

அதுகூடப் பரவாயில்லை. புதுசுக்குப் போகுமா போகுமா என்று அவள் மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்ததில் அன்று பூரா அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக டீ போட்டேன். ஆறிப்போனதும் கொட்டிவிட்டேன். கேட்டாலும் தாங்கவில்லை, கேட்காவிட்டாலும் தாங்கவில்லை. அதனால்தான் எடுத்துக்கொண்டு போ என்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. நம் குலசாமி உன் கோழிகளையும் சேர்த்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா நல்லம்மாள்

பி.கு: கவரில் போடுமுன் ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். டக்கென்று பட்டன் மேலே வந்தது, மவுஸ் புதுசுக்குத் தாவியது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி கேட்டுவிட்டார். வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே வா. பழசுக்குத் தனியாகக் கீபோர்டும் மவுஸும் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே, இருந்தால் யாராவது கை வைப்பார்கள், அவர் கேட்பது நின்றுவிடும். வரும்போது டீத்தூள் மட்டும் வாங்கி வா. தீர்ந்துபோச்சு, இந்த மனுசன் உடறாரா?