மரமா, ஃபைபரா?

பொண்டாட்டியை ஜெயிக்க ஒரே வழி, "சரி, நீ சொல்றதுதான்" என்று சொல்லிவிடுவதுதான். இதைச் சின்னராசு தன்னுடைய ஐம்பத்தாறாவது வயதில் கண்டுபிடித்தார். முப்பது வருஷமாக இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். நாளைக் காலையில் அமிர்தம் டீயைக் கொண்டுவந்து நீட்டியதும் சொல்லிவிட வேண்டியது. அவள் வாயடைத்து நிற்பாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம்தான் டீ.

சண்டை எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா? படகைப் பற்றி. கள்ளக்குறிச்சிப் பக்கம், கடலையே கண்ணில் பார்க்காத ஊரில், கரும்பு போடுகிற வீட்டில், படகுச் சண்டை! சிரிக்காதீர்கள். அவர்களுக்கு அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில், இரண்டு ஏக்கர் மரவள்ளி இருக்கிறது. ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் பதினோரு கிலோமீட்டர். "ஒரு போட் இருந்தா கால் மணி நேரம்ப்பா" என்று மகன் ஆகாஷ் சொல்லிக்கொண்டே இருப்பான். "கரும்பு வெட்டினதும் பாக்கலாம்டா" என்பார் சின்னராசு. கரும்பை வெட்டி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்பியாயிற்று. அந்த வாரம்தான் உளுந்தூர்பேட்டைக்குப் பைக்கில் போன பையன் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தான். இருபத்துநாலு வயசு. ஒரே பிள்ளை.

அதற்கப்புறம் சின்னராசு ஏழு மாசம் பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். சாப்பிடலியா என்று கேட்டாலும் அதே ஆட்டல். வெட்டின கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்புக் கரும்பு தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. அமிர்தம் அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள். கடைசியில் மாட்டிடம் போய், "நீயாவது வாயைத் தொறயேன்" என்றாள். மாடு திறந்தது. இவர் திறக்கவில்லை.

எட்டாம் மாசம் ஒரு காலையில், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் தானாகச் சொன்னார்:

"புள்ள கேட்ட போட்டைச் செஞ்சிடணும். வருஷத் திதிக்குள்ள தண்ணியில எறக்கிடணும். நல்ல மரமா பாத்துச் செய்யணும்."

ஏழு மாசம் கழித்து ஒரு மனுஷன் வாயைத் திறக்கிறான். கட்டின பொண்டாட்டி என்ன சொல்ல வேண்டும்? மாரியாத்தாவுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, "செய்ங்க சாமி" என்று சொல்ல வேண்டாமா?

"மரத்துலயா?" என்றாள் அமிர்தம். "இந்தக் காலத்துல எவனாவது மரத்துல செய்வானா? ஃபைபர்ல செய்ங்க."

சின்னராசுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஃபைபரா? பிளாஸ்டிக் கொடத்துல உக்காந்துகினு போவச் சொல்றியா?"

மறுநாள் அவள் இன்னும் தயாராக வந்தாள்.

"வெறும் ஃபைபர் இல்லீங்க. நடுவுல ஃபோம் பலகை வெச்சி, ரெண்டு பக்கமும் ஃபைபர் ஒட்டறாங்களாம். எடை கம்மி. உள்ள தண்ணி ரொம்பினாலும் முழுகாது."

"மரமுந்தான் மெதக்கும்."

"மெதக்கும். வருஷா வருஷம் எண்ணெய் யாரு போடறது? வெயில்ல வெச்சா வாயைப் பொளந்துகினு கெடக்கும்."

"தண்ணியில போட்டா மரம் ஊறி, பொளப்பு தானா மூடிக்கும்டி! உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கரும்புக்கே தண்ணி கட்டாதவரு படகுக்கு எண்ணெய் போடுவாருன்னு மட்டும் நம்ப முடியல."

அன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டார். கோபத்தில் எண்ணிக்கை தெரியவில்லை. மத்தியானம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கரும்புக்குத் தண்ணீர் கட்டினார். இவள் இனிமேல் சொல்லிக்காட்டக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி மரவாடிக்கே போய், நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு வந்து சண்டை போட்டார். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா அமிர்தம், உங்க வூட்ல தண்ணி இல்லாமயே போட் வுடறீங்க?" என்று கேட்டாள். படகைப் பற்றி இத்தனை விவரம் அமிர்தத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று சின்னராசு ஒரு தடவை யோசித்திருக்கலாம். சண்டை மும்முரத்தில் யாருக்கு யோசனை வரும்?

நடுவில் ஒரு நாள், ஆகாஷ் படுத்த தேக்குக் கட்டிலைக் காணோம்.

"கறையான் புடிச்சிடுச்சிங்க. எடுத்துக் குடுத்துட்டேன்" என்றாள்.

சின்னராசு அந்த அறைக்குப் போனார். கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, பிள்ளை போன அன்றைக்கு அழுத மாதிரி அழுதார். மறுநாள் பேச்சில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. மூன்றாம் நாள் அமிர்தம் வந்து எதிரில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, நீங்க சொன்னதுதான் சரி. மரமே செய்ங்க. அந்த ஃபோமுக்குள்ள ஒரு ஆணி ஓட்டை வழியா தண்ணி பூந்தா போதுமாம். ஊறிகினு, ஃபைபர் தனியா ஃபோம் தனியா கழண்டுக்குமாம்."

"எவன் சொன்னான்?" என்று எகிறினார் சின்னராசு. "ஓட்டை போட்ட எடத்துல பசை வெச்சி அடைக்கணும்டி! ஒழுங்கா செஞ்சா முப்பது வருஷம் நிக்கும் ஃபைபரு!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் எந்தக் கட்சியில் இருக்கிறோம் என்பதே அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன பண்ண? சொன்ன சொல்லை விட முடியுமா? அன்றிலிருந்து அவர் ஃபைபர், அவள் மரம். சண்டை மட்டும் பழையபடியே நடந்தது.

இப்படியே வருஷத் திதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றாகிவிட்டது. மரமும் வரவில்லை, ஃபைபரும் வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் பிள்ளைக்குப் 'பாக்கலாம்டா'. செத்த பிறகும் 'பாக்கலாம்டா'தானா என்று சின்னராசு ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். அப்போது பிறந்த யோசனைதான் முதலில் சொன்னது. தோற்றுத் தொலைப்போம், படகாவது வரட்டும்.

காலையில் டீ வந்தது.

"சரி அமிர்தம், நீ சொல்றதுதான். மரத்துலயே செஞ்சிடலாம்."

அமிர்தம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் எப்பங்க மரம்னு சொன்னேன்? ஃபைபர்னு இல்ல மொதல்லேர்ந்து சொல்லிகினு இருக்கேன்!"

சின்னராசு டீயைக் கீழே வைத்தார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவில் ஹாரன் அடித்தது. மினி லாரி ஒன்று நின்றது. அதன்மேல் பச்சைப் பசேலென்று ஒரு படகு. வண்டியிலிருந்து இறங்கியவன் ஜெயப்பிரகாஷ், அமிர்தத்தின் அண்ணன் மகன். கடலூரில் படகு கட்டுகிறவன்.

"மாமா, அந்தப் பக்கம் புடிங்க. ரெண்டு பேரே போதும், ஃபோம் வெச்சதுதான்."

"யாருடா இதைச் செய்யச் சொன்னது?"

"அத்தைதான். சொல்லி ரெண்டு மாசம் ஆச்சே! உங்ககிட்ட சொல்லலியா? தினம் எனக்குப் போனைப் போட்டு, இன்னிக்கி மரத்துக்கு எதிரா ரெண்டு சொல்லு, நாளைக்கு ஃபைபருக்கு எதிரா ரெண்டு சொல்லுன்னு உயிரை எடுத்துட்டாங்க மாமா. உக்கார்ற பலகை மட்டும் மரம். அத்தை குடுத்தனுப்பின தேக்கு."

சின்னராசு பலகையைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் காம்பஸ் முள்ளால் கீறிய எழுத்து விரலில் பட்டது. ஆகாஷ், ஆறாம் வகுப்பு. கட்டிலைக் கெடுத்துட்டியேடா என்று அன்றைக்கு அவனை அடித்தவரே அவர்தான்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே சொல்லிட்டு, எதுக்குடி என்னோட தினம் மல்லுக்கட்டின?"

அமிர்தம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற இன்னாத்தைச் சொன்னாலும் தலையை ஆட்டிட்டு உக்காந்துடறீங்க. இது ஒண்ணுக்குத்தான் பதில் சொன்னீங்க. அவன் போயிட்டான். நீங்களும் உக்காந்த எடத்துலயே போய்க்கினு இருந்தா, நான் யாரோடங்க பேசறது? மாட்டோடயா?"

சின்னராசு படகின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார். தோள் குலுங்கியது. அழுது ஓய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஜெயப்பிரகாஷ் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அமிர்தத்தின் முகத்தில் பழைய பயம் வந்துவிட்டது. அவரையே பார்த்தாள். பிறகு படகைப் பார்த்தாள்.

"இந்தப் பச்சை கண்றாவியா இருக்கு" என்றாள், குரல் நடுங்க. "நீலம் அடிச்சிருக்கலாம்."

சின்னராசுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. இதற்குப் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் இன்னும் முப்பது வருஷத்துக்குத் தோல்விதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தார்.

"பச்சைக்கு இன்னாடி கொறைச்சல்?" என்றார்.